லோசலினேயின் சாட்சி

மார்ச் 4
ஃபாங்காலேவு, டோங்கா

அன்புள்ள தம்பி பௌலியாசிக்கு,

இந்தக் காலையைக் காணும்படி நம்மை வைத்திருக்கும் தேவனுக்கு நன்றி. நான் சுகம். வீடும் சுகம். போன மாதப் புயலில் சமையல் கொட்டகையின் கூரைத் தகரம் பறந்துபோய்ப் பக்கத்து வீட்டுப் பன்றியின் மேல் விழுந்தது. பன்றியும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? அந்த ஆஸ்திரேலியச் சிறையில் வயிறு நிறையச் சாப்பாடு போடுகிறார்களா?

தீர்ப்பைப் பற்றிப் போதகர் சொன்னார். டிசம்பரில் விடுதலை செய்து, நேராக விமானத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். ஒன்பது மாதம். எண்ணிக்கொண்டிருந்தால் நகராது, எண்ணாதே.

ஊரில் உன் பேச்சுத்தான். நம் சித்தப்பா மகன் சாமிசோனி ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் நின்று கத்தினான்: "அக்கா பேர இழுத்தவன் மூஞ்சியப் பேத்தான் பாரு, அவன் ஆம்பிள! நீங்கள்லாம் போய் பாய் முடைங்கடா!" பெரியவர்கள் அதட்டினார்கள். ஆனால் சிரித்துக்கொண்டேதான் அதட்டினார்கள்.

நீ அடித்த கிதியோனே போன வாரம் வந்து இறங்கினான். வலது கண் இருந்த இடத்தில் பஞ்சு வைத்துக் கட்டியிருக்கிறது. அவனுடைய அம்மா தோவாகாசேயை உனக்குத் தெரியும், போன வருடம் சர்க்கரை வியாதியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த வீட்டில் ஒரு கால் இல்லாத தாயும் ஒரு கண் இல்லாத மகனும் இருக்கிறார்கள். மூத்தவன் ஃபினாவு மட்டும்தான் முழுசாக இருக்கிறான்.

கிதியோனே அன்று என்ன சொன்னான் என்று நான் யாரையும் கேட்கவில்லை. நீயும் எழுத வேண்டாம். தம்பி அக்காவுக்கு எழுதுகிற விஷயம் இல்லை அது.

குளிருக்குக் கம்பளி கேட்டு வாங்கிக்கொள். ஜெபத்தில் உன்னைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்கா,
மெலெயானே


மார்ச் 29

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கையில் வாங்கியபோது ஊர் மண்ணையே வாங்கியது போலிருந்தது. நான் நலம். சாப்பாடு உண்டு, உப்பில்லை. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? பன்றியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

நடந்ததை நீங்கள் பிறர் வாயால் கேட்க வேண்டாமென்று எழுதுகிறேன். வேலைக்கு வந்த தோட்டத்தில் அன்று முழுக்க மாம்பழம் பறித்துவிட்டு, சாயங்காலம் கொட்டகையில் பதினோரு பேர் கவா வேரைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தோம். கிதியோனே ஒரு கோப்பையும் தொடவில்லை. ஊரிலிருந்து அவனுக்கு ஏதோ செய்தி வந்திருந்தது. திடீரென்று எழுந்து நின்று உங்கள் பெயரைச் சொன்னான். அதற்குப் பிறகு ஒரு வாக்கியம் சொன்னான். அதை நான் எழுத மாட்டேன்.

கவா கலக்கிய மரக்கிண்ணம் எனக்கு முன்னால் இருந்தது. நாலு கால் வைத்த பெரிய கிண்ணம். நிறைந்திருந்ததை அப்படியே இரண்டு கையாலும் தூக்கி அவன் முகத்தில் இறக்கினேன். அதன் கால் அவன் கண்ணுக்குள் போனது. அவன் விழுந்த பிறகும் நான் விடவில்லை. மூன்று பேர் என் முதுகில் தொங்கினார்கள், அவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அடித்தேன். சிமெண்டுத் தரையில் கவாவும் ரத்தமும் ஒன்றாக ஓடின. ஒருவன் அதில் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டான்.

போலீஸ்காரர் கேட்டார்: "எதுக்கு அடிச்ச?"

"எங்க அக்காவப் பத்திப் பேசினான்."

"என்ன பேசினான்?"

"அத நான் திருப்பிச் சொன்னா, பேசினவன் நானாயிடுவேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டு, "இன்னொரு தடவ சொல்லு" என்றார். நீதிமன்றத்திலும் அதையேதான் சொன்னேன். சொல்லியிருந்தால் தண்டனை குறைந்திருக்கும் என்று வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். அக்கா இருக்கும் அறையில் தம்பி கால் நீட்டி உட்காரக் கூடாது என்று வளர்ந்தவன் நான். நீங்கள் போனில் பக்கம் தொடங்கிய அன்றே உங்கள் பெயரை என் போனில் மறைத்து வைத்தேன், நீங்கள் போடுவது எதுவும் என் கண்ணில் படக் கூடாதென்று. இதையெல்லாம் அந்த வக்கீலுக்கு எப்படிப் புரியவைப்பது?

எனக்கு வருத்தமில்லை, அக்கா. இன்னொரு முறை சொன்னால் இன்னொரு கண்ணையும் எடுப்பேன்.

வணக்கத்துடன்,
பௌலியாசி


மே 2

அன்புள்ள தம்பிக்கு,

தேவனுடைய கிருபையால் உயிரோடிருக்கிறேன். முட்டிவலி பரவாயில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

நல்ல சேதி எழுத ஆசைதான், இல்லை. ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை சந்தையில் ஃபினாவும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் சாமிசோனியைப் பிடித்துக்கொண்டார்கள். மரவள்ளிக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் தள்ளி, இரும்புக் குழாயால் முழங்கையில் அடித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் மீன்காரி வரைக்கும் கேட்டதாம். அதற்குப் பதிலாக நம் ஆட்கள் ஃபினாவின் படகைக் கரையிலேயே கொளுத்தினார்கள். உள்ளே வலைகளும் இருந்தன. அடுத்த நாள் நம் சித்தப்பாவின் நாய் இரண்டு துண்டாக வாசலில் கிடந்தது.

ஃபினாவு எல்லார் முன்னாலும் சத்தியம் செய்திருக்கிறான்: "பௌலியாசி ஏரோப்ளேன்ல வந்து எறங்கட்டும். வீட்டுக்கு அவன் தலையத் தனியா அனுப்புறேன்." அவன் வாய்ச்சவடால்காரன் இல்லை.

கிதியோனே சொன்னதை ஊரில் யாரும் நம்பவில்லை. "பொய்யா இல்லாட்டி தம்பிக்காரன் இப்படி அடிச்சிருப்பானா?" என்கிறார்கள். அவனுடைய அம்மாவே நம்பவில்லை.

நீ ஊருக்கு வராமலிருக்க வழியுண்டா? ஃபிஜியில் நமக்கு ஆள் இருக்கிறது. யோசித்துப் பார்.

உன் அக்கா,
மெலெயானே


ஜூன் 10

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாயிருக்க வேண்டுகிறேன். சாமிசோனியின் கை கூடிவிட்டதா?

ஃபிஜிக்கெல்லாம் ஓட மாட்டேன். ஓடினால், நான் செய்தது தப்பென்று ஆகிவிடும்.

இங்கே விடுதலைக்கு முன் எங்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கிறார்கள். வெளியே போனதும் போனில் யாரிடமும் ஏமாறக் கூடாதாம். ரொவீனா என்று ஓர் ஆசிரியை. ஆள் சிறிசு, குரல் கப்பல் சங்கு. போனிலிருந்து அச்செடுத்த தாள்களைக் கொண்டுவந்து, "இதில் யார் விக்கிறாங்க?" என்று கேட்பார்.

"யாரும் விக்கலையே மிஸ். ஒரு அம்மா தன்னோட முழங்கால் வலியச் சொல்லி அழுவுது."

"கடைசி வரியப் படி."

"'எப்படிக் குணமாச்சுன்னு தெரியணுமா, எனக்குத் தனியா எழுதுங்க.'"

"அதான் கடை. நீ பாத்தது அழுகை, அவ வெச்சது கடை."

என் அறையில் இருக்கும் சமோவாக்காரன் ஃபாலானிகோ கை தூக்கினான்: "மிஸ், என் பொண்டாட்டி எழுதின காதல் கடிதத்தையும் கொண்டாரேன். அதுலயும் கடைசி வரில டிவி இருக்கு." அன்று முழுக்கச் சிரித்தோம்.

ஆனால் நிறையக் கற்றுக்கொண்டேன், அக்கா. நாற்பது வருட வேதனையைச் சொல்கிறவளின் பக்கம் பிறந்து ஆறு வாரம்தான் ஆகியிருக்கும். அவளுக்கு அண்ணன் தம்பி, கல்யாணம், சாவு எதுவும் இருக்காது, வலி மட்டும் இருக்கும். எழுதிய பத்து நிமிடத்துக்குள் ஏழெட்டுப் பேர் வந்து "எனக்கும் குணமாச்சு" என்பார்கள்; அடுத்த வலிக்கும் அதே ஏழெட்டுப் பேர்தான் வருவார்கள். விலை எங்கேயும் இருக்காது. நம் சனம் தேவாலயத்தில் சாட்சி கேட்டுக் கேட்டு வளர்ந்தது. சாட்சி சொல்கிறவளைச் சந்தேகப்படுவது பாவம் என்று நினைக்கும். ஊரில் எல்லாருக்கும் இதைச் சொல்லுங்கள். நீங்களும் கவனமாயிருங்கள்.

ஒன்று நினைவுக்கு வருகிறது. அன்று கிதியோனே கத்தியதில், அவன் அம்மா ஏதோ பொடியை நம்பி மாத்திரையை நிறுத்தினார் என்றும் இருந்தது. உங்கள் பெயர் காதில் விழுந்த பிறகு மற்றது எனக்குள் போகவில்லை. இப்போது யோசித்தால், அந்தப் பொடியை விற்றவர்கள் எவரோ, எல்லாத் தீமையும் அங்கேதான் தொடங்கியிருக்கிறது. யாரென்று விசாரித்து எழுதுங்கள். முதுகெலும்பை ஒடிக்க வேண்டிய ஆள் அது.

வணக்கத்துடன்,
பௌலியாசி


ஜூலை 21

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். மழை விடவில்லை. சேனைக்கிழங்கு இந்த வருடம் சிறுத்துவிட்டது. சாமிசோனியின் கை கூடிவிட்டது, கொஞ்சம் கோணல்.

நீ கேட்டதை யாரிடம் விசாரிப்பது? எல்லாம் பழைய கதை. லோசலினே என்று ஒரு பெண், வடக்கே வவாவு தீவில் இருப்பவள், எழுதினாள் என்று சொல்கிறார்கள். எனக்கு வேறெதுவும் தெரியாது.

வகுப்பில் கற்பது நல்லதுதான். பைபிளையும் படி.

அக்கா


ஆகஸ்ட் 8

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நலம். உங்கள் கடிதம் சின்னதாக இருந்தது, உடம்புக்கு ஒன்றுமில்லையே?

பெயர் கிடைத்தது போதும். சாமிசோனிக்கு எழுதிவிட்டேன். வவாவுக்குக் கப்பல் ஏறி அந்த லோசலினேயைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். அவளைத் தரதரவென்று இழுத்துவந்து தோவாகாசே அம்மாவின் முன் போட்டால், ஃபினாவின் கோபம் போக வேண்டிய இடத்துக்குப் போகும். நான் இறங்குவதற்குள் கணக்கு முடியும்.

பௌலியாசி


செப்டம்பர் 13

பௌலியாசி,

நீ ஏன் என்னைக் கேட்காமல் எழுதினாய்?

சாமிசோனி நாலு பேரோடு கப்பலேறிப் போயிருக்கிறான். துறைமுகத்தில், "பொடி விக்கிற லோசலினே யாரு?" என்று கேட்டிருக்கிறான். எவனோ விளையாட்டாக, "ஸ்கூல்ல சமைக்கிற லோசலினேயப் போய்ப் பாரு, அவ எல்லாத்தையும் விப்பா" என்று சொல்லியிருக்கிறான். அவள் சாயங்காலத்தில் பணியாரம் சுட்டு விற்கிறவள். அவ்வளவுதான்.

மாவுப் பாத்திரத்துக்குள்ளேயே அவள் முகத்தை அமுக்கியிருக்கிறார்கள். "ஒத்துக்கடி! எத்தன பேரு கால எடுத்த?" என்று கேட்டுக் கேட்டு அடித்திருக்கிறார்கள். அவளுக்கு என்ன கேட்கிறார்கள் என்றே புரியவில்லை. முன்பற்கள் நாலு போய்விட்டன. இடுப்புவரை இருந்த முடியைத் தேங்காய் வெட்டும் கத்தியால் அறுத்திருக்கிறார்கள், காதின் ஓரமும் சேர்ந்து வந்துவிட்டது. அவள் புருஷன் கோடாலியோடு ஓடிவந்து சாமிசோனியின் இரண்டு விரல்களை எடுத்துவிட்டான். கூடியிருந்த கைதான், அதே கை.

அவளுடைய படத்தை யாரோ போட்டிருந்தார்கள். பார்த்துவிட்டுப் பின்கட்டில் போய் உட்கார்ந்து அழுதேன். லோசலினே என்ற பெயரில் அங்கே ஒருத்தி நிஜமாகவே இருப்பாள் என்று நான் நினைக்கவேயில்லை, தம்பி. நினைக்கவேயில்லை.

இனி யாருக்கும் எதுவும் எழுதாதே.

அக்கா


அக்டோபர் 10

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நலமா என்று கேட்கிறேன். கேட்க வேண்டியது முறை.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் பத்து முறை படித்தேன். இல்லாத ஒருத்தி நிஜமாகவே இருந்துவிட்டதற்காக அழுகிறவர் யாராக இருக்க முடியும் என்று ஒரு கேள்வி வந்தது. வந்த கேள்வியை அடித்து உள்ளே தள்ளினேன். அடிப்பது எனக்குப் பழக்கம்தானே.

போன வியாழக்கிழமை வகுப்பில் ரொவீனா ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார். அவரவர் வீட்டார் போனில் பார்த்ததை அனுப்பச் சொல்லியிருந்தார். ஃபாலானிகோவின் மனைவி நம் டோங்காக்காரி. அவள் அனுப்பிய தாளை என்னிடம் கொடுத்து, "உங்க பாஷைதானே, எல்லாருக்கும் புரியறமாதிரி சொல்லு" என்றார். மேலே லோசலினே என்று பெயர். ஒரு செம்பருத்திப் பூவின் படம். நான் உற்சாகமாக எழுந்து நின்றேன்.

"'என் புருஷன் ஒரு நாள் மத்தியானம், கிழங்கு வேகலைன்னு, படகுத் துடுப்பால என் முதுகுல அடிச்சார்' மிஸ். 'என் மகனுக்கு ஏழு வயசு. குறுக்க வந்து விழுந்தான். ரெண்டாவது அடி அவன் காதுல பட்டுச்சு. அந்தக் காது இன்னிக்கும் கேக்காது. என் முதுகு பல வருஷம் நிமிரல. அப்புறம்...'"

அதற்கு மேல் நான் வாய்விட்டுப் படிக்கவில்லை. "அப்புறம் என்ன?" என்று கேட்டார்கள். ஃபாலானிகோ என் இடது பக்கத்திலிருந்து ஏதோ சொன்னான். அந்தப் பக்கம் எனக்குக் கேட்காது என்று உங்களுக்குத் தெரியும்.

தென்னையிலிருந்து விழுந்தேன் என்றுதானே ஊருக்குச் சொன்னோம்? அந்த மத்தியானம் அடுப்படியில் இருந்தது நாலு பேர். அப்பா இன்று உயிரோடு இல்லை. அம்மா இல்லை. நான் எழுதவில்லை.

அம்மா சாகும்வரை அதை யாரிடமும் சொல்லவில்லை. ரத்தத்தைக் கழுவிவிட்டு, வெந்த கிழங்கை அப்பாவுக்கு எடுத்து வைத்தார். அம்மா செத்துப் பதினோரு வருடம் கழித்து அவர் முதுகுவலியைக் குணமாக்கிவிட்டீர்கள், அக்கா. காலையில் இரண்டு கரண்டி பொடி, மாலையில் இரண்டு கரண்டி.

கிதியோனே சொன்னதை இப்போது எழுதுகிறேன். மரியாதை கெட்டாலும் கெடட்டும். "ஒங்க அக்கா இல்லாத பொம்பளைங்க பேர்ல எழுதி எங்கம்மா மாத்திரைய நிறுத்த வெச்சு கால அறுத்துட்டா, பொடி டப்பாவ பஸ் டிரைவர்கிட்ட குடுத்தனுப்பினதே அவதான், நான் விசாரிச்சுட்டேன்." இதுதான் அந்த வாக்கியம். ஒரு கெட்ட வார்த்தைகூட அதில் இல்லை. ஊரில் போன் வைத்திருக்கும் ஒவ்வொருவனும் உங்கள் பக்கத்தைப் பார்த்திருப்பான், பொடியின் படத்தைப் பார்த்திருப்பான். நான் ஒருவன்தான் பார்க்கவில்லை. மரியாதையால் கண்ணை மூடிக்கொண்டு, உண்மை சொன்னவன் கண்ணைப் பிடுங்கினேன்.

தம்பி அக்காவுக்குக் கட்டளையிட முடியாது. இடவில்லை. டிசம்பர் ஒன்பதாம் தேதி இறங்குகிறேன்.

பௌலியாசி


நவம்பர் 14

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

ஐந்து வாரம் ஆகிறது. நீங்கள் உயிரோடிருப்பதாகப் போதகர் சொன்னார்.

நேற்று குளியலறையில் ஒருவன் என் சோப்பை எடுத்தான். கேட்டதற்கு என் முகத்தில் குத்தினான். மூக்குத் தண்டு உடைந்தது. நான் கையைத் தூக்கவில்லை, அவன் பயந்துபோய்ச் சோப்பைத் திருப்பிக் கொடுத்தான். ஃபாலானிகோ, "என்னடா, கோயில் ஆடு மாதிரி நிக்கிற?" என்று திட்டினான்.

ஃபினாவு வரும்போதும் அப்படித்தான் நிற்பேன். கையைக் கட்டிக்கொண்டு. ஒரு பொய்க்காக ஒருவனை அடித்தேன், அதே பொய்க்காக இன்னொருவனைக் கொலைகாரன் ஆக்க வேண்டியதுதான்.

பௌலியாசி


நவம்பர் 29
ஃபாங்காலேவு

அன்புள்ள தம்பிக்கு,

உயிரோடிருக்கிறேன், தேவனுக்கு நன்றி. உன் மூக்கு எப்படி இருக்கிறது? எழுத்து கோணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள். இடது கையால் எழுதுகிறேன், இதை முடிக்க நாலு நாளாயிற்று.

முதலில் நான் அந்தப் பொடியை நம்பினேன். நானும் குடித்தேன். என் பெயரில் சொன்னபோது யாரும் வாங்கவில்லை. பொடிக் கம்பெனியிலிருந்து பயிற்சி கொடுக்க வந்தவள் சொன்னாள்: "விக்காத மெலெயானே. சாட்சி சொல்லு. ஒன் கத இல்லாட்டி யாரோட கதையாவது சொல்லு." அம்மாவின் கதை கையில் இருந்தது. லோசலினே பிறந்த வாரத்திலேயே என்னிடம் பொடி வாங்க ஆள் சேர்ந்தது. நம்பிக்கை போன பிறகும் எழுதினேன். இதை நியாயப்படுத்தவில்லை, தெரிவிக்கிறேன்.

உன் கடிதம் வந்த பிறகு ஐந்து வாரம் கோழை மாதிரிப் படுத்துக் கிடந்தேன். "கையைக் கட்டிக்கொண்டு" என்று நீ எழுதியதைப் படித்ததும் எழுந்தேன். கிழிந்த பாயை இடுப்பில் கட்டிக்கொண்டு, மன்னிப்புக் கேட்பவர்கள் போடும் இஃபி இலை மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஃபினாவின் வாசலில் போய்த் தலைகுனிந்து உட்கார்ந்தேன். ஊரே கூடியது. சத்தமாகச் சொன்னேன்: "கிதியோனே சொன்னது நெசம். லோசலினே நான்தான்."

யாரும் நம்பவில்லை, தம்பி. பொய்யாக ஊரெல்லாம் சாட்சி சொன்னேன், ஆமென் என்றார்கள். ஒரே ஒரு முறை உண்மை சொன்னேன், ஒரு கிழவி மூக்கைச் சிந்திக்கொண்டு, "தம்பி உசுரக் காப்பாத்தப் பழிய தன் தலைல போட்டுக்கறா பாரு, இவளல்லவா அக்கா!" என்றாள். ஃபினாவு கத்தியைத் தீட்டிக்கொண்டே, "நடிக்காத, எந்திரிச்சுப் போ" என்றான். கிதியோனே மட்டும் ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தோவாகாசே அம்மா ஊன்றுகோலை ஊன்றி வெளியே வந்தார். "லோசலினேயப் பத்தி ஒனக்கென்னடி தெரியும்? எனக்குக் கால் எடுத்தப்ப தெனமும் சாயங்காலம் எனக்கு எழுதினவ அவ. என் புள்ளைங்க கேக்காதத அவ கேட்டா. நீ லோசலினேயா? நீ எங்க, அவ எங்க!"

அதை நான் உனக்கு எழுதவேயில்லை. அவர் கால் போன செய்தி கேட்டு, குற்றம் தாங்காமல், லோசலினேயாக அவருக்கு எழுத ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை.

பாய்க்கடியிலிருந்து போனை எடுத்தேன். "அம்மா, நான்தான்" என்று லோசலினேயின் பெயரிலிருந்து அனுப்பினேன். அவருடைய மடியில் செருகியிருந்த போன் மணியடித்தது. அவர் படித்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் படித்தார்.

பிறகு ஊன்றுகோலைத் தூக்கினார். ஊன்றிக்கொள்ள எதுவும் இல்லாமல் என் மேலேயே விழுந்து, என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு அடித்தார். நெற்றி பிளந்தது. தடுக்கப்போன வலது கையில் நாலைந்து அடி விழுந்தது, எலும்பு நொறுங்குவதை உணர்ந்தேன். ஃபினாவு ஓடிவந்து இழுத்தும் அவர் விடவில்லை. கோல் முறிந்த பிறகு முறிந்த துண்டால் அடித்தார். அடித்துக்கொண்டே என் காதுக்குள் கேட்டார்: "வலிக்குதா? வலிக்குதாடி? லோசலினேகிட்டச் சொல்லு, ரெண்டு கரண்டி பொடி தருவா!"

அடித்து ஓய்ந்ததும் புழுதியில் படுத்துக்கொண்டு அழுதார். காலுக்காக அழவில்லை. "அவ செத்துட்டா, அவ செத்துட்டா" என்றுதான் அழுதார்.

ஃபினாவு கத்தியைக் கூரைமேல் எறிந்துவிட்டு உள்ளே போய்விட்டான். அவன் வர மாட்டான், உனக்குப் பயமில்லை. கிதியோனே வருவான். "நான் பொய்யன் இல்லன்னு ஊரு கேட்டுச்சு. அது போதும்னு நான் சொல்ல மாட்டேன். ஏர்போர்ட்டுக்குத் தனியா வருவேன். அவன் என் மூஞ்சிய நல்லாப் பாக்கட்டும்" என்றான். நீ பார்த்துத்தான் ஆக வேண்டும். வவாவுக்கு நான் அடுத்த கப்பலில் போகிறேன், அங்கே ஒரு வாசலில் உட்கார வேண்டியிருக்கிறது.

மன்னித்தால் அவர்கள்தான் இந்த இலை மாலையைக் கழற்ற வேண்டும். தோவாகாசே அம்மா கழற்றவில்லை. அதோடுதான் வீட்டுக்கு வந்து, கையைத் துணியால் சுற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கும் போகாமல் கிடந்தேன். இதற்கு மருந்து தேடும் யோக்கியதை எனக்கில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம், எப்போதும் எழுதுகிற அதே நேரத்துக்கு, லோசலினேயின் பெயருக்குத் தோவாகாசே அம்மாவிடமிருந்து செய்தி வந்தது.

"லோசலினே, நேத்து ஒருத்திய அடிச்சேன். கை ஒடஞ்சிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு. பொடி குடிக்கச் சொல்லாத."

போனேன்.

உன் அக்கா,
மெலெயானே